தடி கொண்டுபோன பிள்ளை

சுன்னாகத்தில் சந்தைக்குப் போகிற வழியில் என்னுடைய விதைக் கடை இருக்கிறது. அதற்கு அடுத்த கடை மயூரதனுடையது. தண்ணீர் இறைக்கிற மோட்டர் எரிந்துபோனால் அதைப் பிரித்து, புதிதாகச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். வெங்காயம் நட்டவன் வீட்டில் மோட்டர் எரிந்தால் அது செத்த வீடு மாதிரித்தான். அப்படி ஓடிவருகிறவர்கள் வாசலில் நின்று கத்துவார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். பின்னேரம் மோட்டர் ஓடும். அதற்கு மேல் அவனிடம் ஒரு சொல் வாங்க யாராலும் முடியாது.

நான் கரவெட்டி ஊரான். கலியாணம் கட்டி உடுவிலுக்கு வந்தவன். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம். ஆகையால் இந்த ஊர்ப் பெருமைகளை நான் கொஞ்சம் எட்ட நின்றே பார்ப்பேன். எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி சொல்லுவாள், அது உண்மைதான். மயூரதனைப் பற்றி இந்த ஊர் சொல்வது ஒரே ஒரு வசனம். "சீவரத்தினம் மாஸ்டரின்ரை மகன், பாவம், படிப்பு ஏறேல்லை." அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கடைக்குள் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வெளிச்சம் வருவது வாசல் பக்கம். அவனோ உள்மூலையில், முதுகு சுவரோடு ஒட்ட, பட்டப்பகலில் மின்குமிழைப் போட்டுக்கொண்டு வேலை செய்வான். "ஏன்ரா இருட்டுக்குள்ளை கிடக்கிறாய், மேசையை முன்னுக்கு இழுத்துப் போடன்" என்று வந்த புதிதில் நானே கேட்டிருக்கிறேன். அவன் கம்பியைப் பார்த்தபடி சொன்னான்.

"பின்னாலை ஆரும் நிண்டால் சுத்து எண்ணிக்கை விட்டுப்போகுது, அண்ணை."

பின்னால் நின்றது யார் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. தேநீர் குடிக்கிற நேரத்தில் ஒரு துண்டு, மழைக்குக் கடை பூட்டாமல் நின்ற ஒரு பின்னேரம் இன்னொரு துண்டு. கேட்டால் சொல்லமாட்டான். கேட்காமல் இருந்தால் சில நாளில் சொல்லுவான்.

தகப்பன் சீவரத்தினம் மாஸ்டர் கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். படித்தவர்கள் என்பதைவிட அடி வாங்கியவர்கள் என்றுதான் அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மாஸ்டர் வீட்டைச் சுற்றிப் பூவரசு வேலி. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தடி" என்பாராம். மகன் ஓடிப்போய் வேலியில் ஒரு தடி முறித்து, இலை உருவி, அதைக் கையில் பிடித்தபடி சைக்கிளின் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும். காய்ந்த தடி ஆகாது, முறிந்துவிடும். மொத்தத் தடியும் ஆகாது, வளையாது. வகுப்புக்குப் போனதும் முதல் அடி மகனுக்கு. தடி நல்லதோ என்று பார்க்கத்தான். இடையில் தடி முறிந்தால், கூடாத தடி கொண்டுவந்ததற்கு இன்னும் ஒன்று.

இதில் மாஸ்டரிடம் ஒரு நியாயம் இருந்தது. தன் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால் மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் என்ன நினைப்பார்கள்? ஊரும் அந்த நியாயத்தை மெச்சியது. "பாத்தியே, சொந்தப் பிள்ளை எண்டும் பாராமல்!" என்று மெச்சியவர்கள் ஒருவரும் அந்தச் சொந்தப் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் மீது கோபம் வரவில்லை. மாஸ்டர் மீது கோபப்பட யாருக்குத் துணிவு வரும்? கோபமெல்லாம் தடியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறவன் மீதுதான். அவனுக்குத் 'தடிக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். கிளித்தட்டு விளையாடப் பக்கம் பிரிக்கும்போது அவனை இந்தப் பக்கமும் எடுக்காது, அந்தப் பக்கமும் எடுக்காது. அவன் கிணற்றுக்கட்டில் இருந்து பார்ப்பானாம். "பாக்கிறதும் ஒரு விளையாட்டுத்தானே அண்ணை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்தத்தில் இந்த வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடியபோது வீடு, தளபாடம், மாடு, கன்று எல்லாம் இங்கேயே கிடந்தன. மாஸ்டர் அங்கே ஒரு மாமரத்தின் கீழ் வகுப்புத் தொடங்கினார். இடம்பெயர்ந்த பிள்ளைகளின் படிப்புக் கெடக்கூடாது என்று யோசித்த மனிதர், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே "தம்பி, தடி" என்றாராம். பையன் முன்பின் தெரியாதவர்களின் வேலியில் போய் முறித்துக்கொண்டு வந்தான். வேலிக்காரரும் அவனுக்கு ஏசினார்கள். இடப்பெயர்வில் எல்லாம் போனது, தடி மட்டும் போகவில்லை.

இவ்வளவு அடிக்கும் பையன் கணக்கில் புலி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தனியாக இருந்து செய்தால் விடை சரியாக வரும். தகப்பனின் செருப்புச் சத்தம் பின்னால் கேட்டால் ஏழும் எட்டும் எவ்வளவு என்பதே மறந்துபோகும். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டான். "வாத்தியார் பிள்ளை மக்கு எண்டு சும்மாவே சொன்னவை" என்று ஊர் சிரித்தது. அந்த மக்குத்தான் இன்று எந்தக் கொம்பனியின் மோட்டரையும் திறந்து பார்த்துவிட்டு எத்தனை சுற்றுக் கம்பி வேண்டும் என்று மனதாலேயே கணக்குப் போடுகிறான். பின்னால் சுவர் இருந்தால் போதும்.

மாஸ்டர் இறந்தபோது செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர், அவருடைய பழைய மாணவர், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தக் கையாலை வாங்கின ஒவ்வொரு அடியும் எனக்கு ஒவ்வொரு படி" என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்தது. அடியாத மாடு படியாது என்றார் இன்னொருவர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்றார் மூன்றாமவர். மயூரதன் கொள்ளி வைக்க வேண்டியவன், வெறும் மேலோடு வேட்டி கட்டி நின்றான். பேசியவர் கையை உயர்த்தியபோதெல்லாம் அவன் தோள் ஒருமுறை குறுகி நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அது தெரிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவன் செய்த முதல் வேலை, வீட்டைச் சுற்றியிருந்த பூவரசு வேலியை அடியோடு பிடுங்கியதுதான். ஊர் விழுந்து விழுந்து கேட்டது. பூவரசம் இலை தோட்டத்துக்குப் பசளை, வேலிக்கு நடுகிற கதியாலுக்கு விலை, காற்றுக்கு மறைப்பு, யாராவது பிடுங்குவானா? அவன் ஒருவருக்கும் மறுமொழி சொல்லாமல் கல்லடுக்கி மதில் கட்டினான். வெளிநாட்டுக் காசு வந்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. அந்த மதிலுக்குள் ஒரு பிள்ளை வளரப்போகிறது, அந்தப் பிள்ளையின் கண்ணில் ஒரு தடியும் படக்கூடாது, அவனுக்கு அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை வினோஜா. அப்போது தாய் றஜிதாவின் வயிற்றில் இருந்தாள். றஜிதா நல்ல கலகலப்பான பெண். இந்த ஊமையோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று நான் யோசித்ததுண்டு. "அவர் நல்லவர் அண்ணை. ஆனால் பிள்ளையைத் தூக்கமாட்டார்" என்று ஒருமுறை என் மனைவிக்கு முன்னால் சொன்னாள். பிள்ளை விழுந்தாலும் றஜிதாவைக் கூப்பிட்டுத்தான் தூக்கச் சொல்வானாம். பிள்ளை குழப்படி செய்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவானாம். சுன்னாகம் ஸ்டேசனில் போய்ப் போகிற வருகிற ரெயிலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவானாம்.

ஏன் என்று அவனே ஒருநாள் சொன்னான். வினோஜா தத்தித் தத்தி நடக்கிற காலம். கடைக்குக் கூட்டிவந்திருந்தான். பிள்ளை ஓடிப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்த கிரைண்டருக்குக் கையை நீட்டியது. அவன் பாய்ந்து இழுத்தான். இழுத்த கையோடு மற்றக் கை மேலே எழும்பியது.

"நான் அடிக்கேல்லை அண்ணை. ஆனால் கை தானாய் எழும்பினது. அது என்ரை கை மாதிரி இருக்கேல்லை. அப்பாவின்ரை கை."

பிள்ளை அந்தக் கையைப் பார்த்து அழவில்லையாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதாம். அந்த முகம் தனக்குத் தெரிந்த முகம் என்றான். அன்றிலிருந்து இரண்டு கையையும் பிள்ளையிடமிருந்து எட்டவே வைத்துக்கொண்டான். அடிக்காத கை அணைக்கவும் இல்லை. பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தான் குழப்படி செய்தால் அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது.

வினோஜா ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். இங்கே ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளையை வைத்து ஊரே சூதாடுகிற மாதிரி ஒரு வருடம். பள்ளிக்கூடங்களில் இப்போது அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதனால் அடி இடம்பெயர்ந்து ரியூசன் கொட்டில்களுக்குப் போய்விட்டது. எங்கள் பகுதியில் பேர்போன கொட்டில் பராசக்தி ரீச்சருடையது. அவருடைய வீட்டுப் பின்வளவில் தகரக் கூரை, பிள்ளைகள் இருக்க வரிசையாக நீட்டு வாங்குகள், சந்தியில் சென்ற வருடம் சித்தியடைந்த பிள்ளைகளின் முகத்தோடு பெரிய பனர். பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தாய் தகப்பன் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ, ரீச்சர்." இதைச் சிரித்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லுவார்கள். இதைச் சொல்லாதவன் அக்கறையில்லாத தகப்பன்.

மயூரதன் என்னிடம் வந்து, "அண்ணை, ரீச்சரிட்டைப் போகவேணும், நீங்களும் வாறியளோ?" என்றான். தனியாகப் போனால் வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். போனோம். ரீச்சர் நல்ல மனுசி, கதிரை தந்தார். அவன் எழும்பி நின்றுதான் கதைத்தான்.

"ரீச்சர், என்ரை பிள்ளைக்கு மட்டும் அடிக்காதேங்கோ. பாஸ் பண்ணாட்டிலும் பரவாயில்லை."

ரீச்சர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீர் சீவரத்தினம் மாஸ்டரின்ரை மகன் எல்லோ? நான் அவரிட்டைப் படிச்சனான். அந்த மனிசன்ரை அடியிலைதான் நான் இண்டைக்கு ரீச்சர்." பிறகு என்ன நினைத்தாரோ, "சரி தம்பி. மாஸ்டரின்ரை பேத்தி. நான் கை வைக்கமாட்டன்" என்றார்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் வினோஜா நேரே தகப்பனின் கடைக்கு வருவாள். தாய் தையல் வகுப்பு முடித்து வரும்வரை அங்கே இருப்பாள். வந்ததும் அவன் எழும்பிப்போய் அவளுடைய கைகளைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்ப்பான். ஒன்றுமில்லை என்று கண்டால் விட்டுவிட்டுப் போய் மூலையில் இருப்பான். அவன் அந்தப் பிள்ளையைத் தொடுகிறது அந்த ஒரு நேரம்தான். வினோஜா கையை அவன் கேட்குமுன்னரே நீட்டுவாள். விட்டபிறகும் கொஞ்சம் நீட்டியபடி நிற்பாள்.

சில மாதத்தில் பிள்ளை வாடத் தொடங்கியது. வகுப்புக்குப் போகும் நேரம் வயிற்றுக்குத்து. ஒருநாள் என் கடைக்குள் வந்து விதைப் பைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு கேட்டாள்.

"மாமா, ரீச்சர் எனக்கு ஏன் அடிக்கிறேல்லை?"

"நீ கெட்டிக்காரி. அதாலை" என்றேன்.

"நான் கெட்டிக்காரி இல்லை. எனக்கும் நேற்று டிலக்ஷி அளவு பிழை. டிலக்ஷிக்கு விழுந்தது, எனக்கு விழேல்லை." விதைப் பையின் நூலை இழுத்தபடி, "அடி விழுந்தால்தான் ஊதிவிடுவினம், மாமா" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அடி வாங்கிய பிள்ளைகள் வாங்கில் போய் இருந்து ஒருவர் கையை ஒருவர் ஊதிவிடுவார்களாம். யாருடையது கூடச் சிவந்திருக்கிறது என்று கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். கூடச் சிவந்த கைக்கு மரியாதையாம். வினோஜா தன் கையை நீட்டினால், "உனக்கென்ன, நீ ரீச்சரின்ரை செல்லம்" என்று தள்ளிவிடுவார்களாம். வகுப்பில் நடப்பதை ரீச்சருக்குக் கோள் சொல்கிறவள் அவள்தான் என்றும் கதை கட்டிவிட்டார்கள். அவளுடைய வாங்கில் இப்போது அவள் மட்டும்தான்.

நான் இதை மயூரதனிடம் சொன்னேன். அவன் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "கதைக்காட்டிப் போகட்டும் அண்ணை. அடி விழாட்டில் காணும்" என்றான். ஆனால் சுற்று எண்ணிக்கை பிழைத்துவிட்டது. முழுவதையும் கழற்றி முதலிலிருந்து சுற்றினான்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம். ஒழுங்கை முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வினோஜாவும் டிலக்ஷியும் கைகோத்து வருகிறார்கள். டிலக்ஷி, பெயின்ற் அடிக்கிற எமில்ராஜின் மகள், வாயாடி. என் கடை வாசலில் "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். வினோஜா தகப்பனின் கடைக்குள் துள்ளிக்கொண்டு போனாள். அவள் துள்ளி நான் பார்த்ததில்லை. என்ன புதினம் என்று நானும் பின்னால் போனேன்.

"அப்பா, பாருங்கோ" என்று அவளே கையைத் திருப்பி நீட்டினாள். உள்ளங்கை இரண்டிலும் கோடு கோடாகத் தடித்துச் சிவந்திருந்தது.

மயூரதன் எழும்பவில்லை. "ஆர் அடிச்சது?" என்று கேட்டான்.

"ரீச்சர். நான்தான் கேட்டனான்."

"என்ன கேட்டனி?"

"எனக்கும் அடியுங்கோ எண்டு. முதல் மாட்டன் எண்டவ. நான் தடி முறிச்சுக்கொண்டு போய் மேசையிலை வைச்சனான். பேந்து எல்லாக் கணக்கையும் வேணுமெண்டு பிழையாச் செய்தனான். அவவுக்குக் கோபம் வந்திட்டுது." பிள்ளையின் முகம் பூரித்துக் கிடந்தது. "டிலக்ஷி ஊதிவிட்டவள் அப்பா! மற்றப் பிள்ளையளும் வந்து பாத்தவை. என்ரைதான் கூடச் சிவப்பு."

அவன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரீச்சர் சொன்னவ, நல்ல தடியாம், மாஸ்டரின்ரை பேத்தி எண்டால் சும்மாவே எண்டு. நாளைக்கும் நான்தான் கொண்டு போகவேணுமாம். இனி ஒவ்வொரு நாளும் நான்தானாம்."

"எங்கை முறிச்சனி?"

"டிலக்ஷி வீட்டு வேலியிலை. எங்கடை வீட்டிலை வேலி இல்லைத்தானே, அப்பா."

மயூரதன் கையிலிருந்த குறடு மேசையில் விழுந்தது. நாளைக்கு இந்தப் பிள்ளை தடியோடு போகும். அதற்கு அடுத்த நாளும் போகும். அந்தத் தடி டிலக்ஷியின் கையில் விழும். ஊதிவிட்ட அதே பிள்ளைகள் இன்னும் ஒரு கிழமையில் என்ன பெயர் வைப்பார்கள் என்பது அந்தக் கடையில் இருந்த ஒருவனுக்கு நன்றாகத் தெரியும். வேலியைப் பிடுங்கினான், மதில் கட்டினான், தன் கையைக் கட்டிவைத்தான், அப்படியும் தடி எங்கோ சுற்றிவந்து அவன் மகளின் கையில் ஏறிவிட்டது.

அடுத்த நாள் அவன் கடை திறக்கவில்லை. வகுப்பு நேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனான். இந்தமுறை என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். கொட்டிலுக்கு வெளியே மாமரத்தின் கீழ் தாய் தகப்பன் சிலர் காத்து நின்றார்கள். உள்ளே வினோஜாவின் தடி மேசையில் இருந்தது. அதை அவள் பாடசாலைக்குப் போகும்போதே புத்தகப் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறாள்.

மயூரதன் கொட்டிலின் வாசலுக்கு நேரே போனான். எல்லாருக்கும் முதுகைக் காட்டி, முற்றத்தின் நடுவில் நின்றான். சுவர் எதுவும் பின்னால் இல்லை.

"ரீச்சர், போனமுறை நான் பிழையாக் கேட்டுப்போட்டன். என்ரை பிள்ளைக்கு மட்டும் எண்டு கேட்டனான். ஒரு பிள்ளைக்கும் அடிக்காதேங்கோ."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு மட்டும் ஆசையோ தம்பி? புள்ளி குறைஞ்சால் இந்தத் தாய் தகப்பன்மார்தான் வந்து என்னைக் கேப்பினம். இவையளிட்டைக் கேட்டுப் பாரும்."

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எமில்ராஜ் முன்னுக்கு வந்தான். "உன்ரை பிள்ளைக்கு வேண்டாமெண்டால் கூட்டிக்கொண்டு போ. எங்கடை பிள்ளையளுக்கு விழுற அடியை நிப்பாட்ட நீ ஆர்?"

அவன் உண்மையான கோபத்தோடுதான் கேட்டான். தன் பிள்ளைக்கு வரவேண்டிய ஏதோ நன்மையை யாரோ தட்டிப் பறிக்க வந்த மாதிரி. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனும் சின்னவயதில் வாங்கியவன்தான். வாங்கியும் தெரியவில்லையே, அதற்கு என்ன பழமொழி இருக்கிறது?

"மாஸ்டர் இருந்திருந்தால் வெக்கப்பட்டிருப்பார்" என்றார் ரீச்சர்.

"அவர் ஒருநாளும் வெக்கப்படேல்லை, ரீச்சர்" என்றான் மயூரதன்.

பிறகு உள்ளே போய் மகளின் பையை எடுத்தான். மேசையில் கிடந்த தடியையும் எடுத்தான். வினோஜா வாங்கை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் டிலக்ஷி இருந்தாள். அந்த வாங்கில் இன்னொரு பிள்ளை இருந்ததை அவன் கண்டான். கண்டும் மகளை எழும்பச் சொன்னான். அவள் எழும்பினாள். டிலக்ஷி கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றஜிதா வீட்டில் சண்டை பிடித்தாள். பரீட்சை கிட்டிவருகிற நேரம் பிள்ளையை மறித்துவிட்டார் என்று என் மனைவியிடம் வந்து அழுதாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஊர் வழக்கம்போல் சிரித்தது. படிப்பு ஏறாதவன் பிள்ளையையும் படிக்கவிடவில்லை என்றது. மோட்டர் திருத்த வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் குறைந்தார்கள். எமில்ராஜ் எங்கள் கடைப்பக்கம் பார்ப்பதில்லை.

வினோஜா பின்னேரங்களில் கடையின் வாசலோரம் ஒரு பெட்டியில் இருந்து பழைய வினாத்தாள்களைத் தனியாகச் செய்வாள். தகப்பனோடு கதைப்பதில்லை. கையையும் நீட்டுவதில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஒழுங்கையால் போகிற சத்தம் கேட்டால் பென்சிலைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் டிலக்ஷி திரும்பி வந்தாள், இருவரும் கைகோத்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. கடையைக் கடக்கும்போது அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

அப்படி ஒரு பின்னேரம், பிள்ளைகளின் சத்தம் போய் ஒழுங்கை அடங்கியபிறகு, பக்கத்துக் கடையில் வினோஜா அழுவது கேட்டது. இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம்தான். அதில் ஆணி கழன்ற இடத்தில் ஒரு நீக்கல். ஒட்டுக்கேட்பது சரியோ பிழையோ, நான் அசையவில்லை.

"இப்ப ஒருத்தரும் என்னோடை கதைக்கமாட்டினம், அப்பா."

"நான் கதைப்பன்" என்றான் அவன்.

"நீங்கள் கதைக்கிறேல்லையே."

நான் எழும்பி வேறு வேலை பார்ப்போம் என்று நினைத்தபோது கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. நீக்கலால் பார்த்தேன். மயூரதன் மூலையை விட்டு எழும்பிவந்து வாசலோரம், மகளின் பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில் இருந்தான். முதுகு தெருவுக்கு. அவன் சொல்லத் தொடங்கினான். பூவரசு வேலி, சைக்கிள், இலை உருவிய தடி, முதல் அடி, கிணற்றுக்கட்டு. எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை மகளுக்கு ஒரே மூச்சில் சொன்னான். அவனுடைய குரலை அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கேட்டதில்லை. கிரைண்டரையும் சொன்னான். எழும்பிய கையையும் சொன்னான். அதனால்தான் உன்னைத் தூக்கவில்லை என்றான்.

வினோஜா அழுகையை நிறுத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு எது முக்கியம் என்று பெரியவர்களுக்கு எப்போது விளங்கியது? அவள் தாத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. தடியைப் பற்றிக் கேட்கவில்லை.

"உங்களுக்கு ஆர் அப்பா ஊதிவிட்டது?"

"ஒருத்தரும் இல்லை."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். தகப்பனின் வலக்கையைப் பிடித்து, அவன் அவளுக்குச் செய்வதுபோலவே, உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கிறீஸ் கறுப்பும் கம்பி வெட்டிய பழைய கீறல்களும்தான் இருந்தன. அவள் குனிந்து ஊதினாள்.

"இப்ப நோகேல்லை, பிள்ளை. அது கனகாலம்" என்றான் அவன். அவனுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் ஊதினாள். பிறகு நிமிர்ந்து, "மற்றக் கையையும் தாங்கோ, அப்பா" என்றாள்.